என் தம்பிக்கு வயிற்றுவலி இல்லை

என் தம்பி ஆரோனின் வயிற்றுவலிக்காக எங்கள் சபை மாதக்கணக்கில் ஜெபித்தது. உபவாசம் இருந்தது. எண்ணெய் பூசியது. ஆனால் அவனுக்கு வயிற்றுவலியே கிடையாது.

இதைச் சொல்லித்தான் என் சாட்சியைத் தொடங்க வேண்டும். வேறு எங்கே தொடங்கினாலும் அது மறுபடியும் பொய்யாகிவிடும்.

நான் பிரிசில்லா. குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. மேற்குத் தாம்பரத்தில் கடைகளுக்கு மேலே, சிமென்ட் ஷீட் போட்ட மாடியில் கூடுகிற எங்கள் சபையில் அவர் மூப்பர். ஞாயிறு பள்ளிக்கும் அவர்தான் பொறுப்பு. இதெல்லாம் நடந்தது 2006-ல். அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஆரோன் பிளஸ் ஒன். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவன் அவன்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னால் ஓர் இடத்தில் அடங்கி உட்கார முடியாது. முழங்காலில் நின்றால் மனசு எங்கேயோ ஓடிவிடும். நடந்தால்தான் எனக்கு ஜெபமே வரும். கல்லூரிக்குப் போகும்போது மின்சார ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு, காற்று முகத்தில் அடிக்க அடிக்க ஜெபிப்பேன். "ஆண்டவர் உன் பின்னாடியே ஓடி வரணுமாடி?" என்று அம்மா திட்டுவார். அந்த வருஷம் ஆண்டவர் உண்மையிலேயே ஓடித்தான் வந்தார்.

ஜூன் மாதம் ஆரோனைப் புதிதாக ஒரு டியூஷனில் சேர்த்தோம். அங்கே மொட்டை மாடியில் பையன்கள் கூடுவார்களாம். முதலில் கஞ்சா. "செடிதான் மச்சான், மூலிகை மாதிரி" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு தூக்க மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரோ ஒருவன் பையன்களுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தது வேறு. வேகப்பந்து போடுகிற பையன் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினான். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. படித்தது நினைவில் நிற்கவில்லை. மனப்பாடமாக வாசிக்கிற பாட்டில், எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது, அடுத்து எந்தக் கட்டையை அழுத்துவது என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றான். அம்மா ஒரு நாள் "ஏன்டா இப்படி இருக்க?" என்று கேட்டதற்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அதுவரை எங்கள் வீட்டில் அவன் குரல் உயர்ந்தே நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் போகாமல் இருக்க அவன் சொன்ன காரணம்தான் வயிற்றுவலி. பிறகு அவன் துணி மடிப்பில் ஒரு கஞ்சாப் பொட்டலத்தை அம்மா பார்த்துவிட்டார்.  அன்று சாயங்காலம் முழுவதும் வீட்டில் அழுகைதான். ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பு சொல்லும் நேரம் வந்தது. எங்கள் சபையில் அவரவர் எழுந்து நின்று தன் பாரத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்காக அந்த வாரம் முழுவதும் ஜெபிப்பார்கள். அம்மா எழுந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சொன்னார்: "எங்க பையனுக்குத் தீராத வயித்துவலி. ஜெபிச்சுக்கோங்க."

ஒரு மூப்பர் வீட்டில் கஞ்சா என்று எப்படிச் சொல்வது? "ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, மனுஷங்களுக்கு எதுக்கு?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.  நான் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

நம் சபை ஜனங்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் மருந்து குவிந்தது. ஓமத் தண்ணீர், மாதுளம் தோல் கஷாயம், பெருங்காயம் போட்ட மோர். பாஸ்டரம்மா நேரில் வந்து ஆரோனின் சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளைச் சுற்றி எண்ணெய் பூசிக் கண்ணீரோடு ஜெபித்தார். அவர் போனதும் ஆரோன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நம்ம சபையிலேயே ரொம்பப் பரிசுத்தமான உறுப்பு என் வயிறுதான்."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபோது அவன் கண்ணைப் பார்த்தேன். கண் சிரிக்கவில்லை. சிவந்து, எங்கோ தூரத்தில் இருந்தது.

அன்று ரயிலில் நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். நீர் எந்த நோய்க்கு மருந்து தருவீர்? நாங்கள் சொன்ன நோய்க்கா, அவனுக்கு இருக்கிற நோய்க்கா? பல்லாவரத்திலிருந்து கிண்டி வரை கேட்டுக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "இன்னாம்மா, தனியா பேசிகினு வர்றே? பரீட்சையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை, வகுப்பில் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா போய் அழைத்து வந்தார். வந்ததும் அவன் பையைக் கவிழ்த்து, இருந்த மாத்திரைகளை எல்லாம் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அவனை உள் அறையில் விட்டு வெளியே பூட்டினார். "இனிமே ஒண்ணும் கிடையாது. நானும் சாப்பிட மாட்டேன். உபவாசம் இருந்து உன்னை மீட்கிறேனா இல்லையா பாரு" என்றார். அன்பினால்தான் செய்தார். அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவர் ஜெபித்ததை நான் பார்த்தேன். உள்ளே ஆரோன் வியர்த்துப்போய், கை நடுங்கக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னேன். "எந்த டாக்டர்? கேட்டா என்னன்னு சொல்லுவ?" என்றார் அப்பா. வயிற்றுவலி என்று டாக்டரிடம் சொல்ல முடியாதே.

சனிக்கிழமை காலை அம்மா சபையில் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தார். அப்பா முகம் கழுவ எழுந்த நேரம், பாத்ரூம் போக வேண்டும் என்று கதவைத் திறக்கச் சொன்ன ஆரோன், பின்வாசல் வழியாகப் போய்விட்டான். செல்போன்கூட எடுக்கவில்லை. அங்கே சபையில் அதே நேரம் முப்பது பேர் அவன் வயிற்றுவலிக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் என் கால் தானாகவே ஆட ஆரம்பித்துவிடும். அப்பா ஒரு பக்கம், நான் என் ஸ்கூட்டரில் ஒரு பக்கம். டியூஷன் மாடிக்குப் போனேன், பூட்டு. அவன் சிநேகிதன் வீட்டில், "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது" என்று கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டே சொன்னான். தாம்பரம் ஸ்டேஷனில் எல்லா பிளாட்பாரமும் ஏறி இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை போய், மிருகக்காட்சிசாலை வாசலில் குடும்பம் குடும்பமாக நிற்கிற கூட்டத்துக்குள் அவன் நீலச் சட்டையைத் தேடினேன். மழை வேறு. ஹெல்மெட் கண்ணாடிக்குள் அழுதுகொண்டே ஓட்டினேன். வாய்விட்டு ஒரே ஒரு ஜெபம்தான். வேறு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் அவனைப் பார்த்திருக்கணும். ஒரே ஒருத்தர். அவ்வளவுதான் கேக்கிறேன்."

யாரும் பார்க்கவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தேன். அப்பா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அங்கேயும் அவர் சொன்ன காரணம், "படிக்கச் சொல்லித் திட்டினேன், கோபிச்சுக்கிட்டுப் போயிட்டான்" என்பதுதான்.

ஞாயிறு காலை கிளம்பும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "யாராவது கேட்டா மாமா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிடு, பிரிசி." அவர் முகம் ஒரே இரவில் வற்றிப்போயிருந்தது. எதிர்த்துப் பேச மனசு வரவில்லை.

ஆராதனை நடந்தது. ஷீட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. கீபோர்டு மேல் துணி மூடியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபக் குறிப்பு நேரம் வந்தது. ஒருவர் வேலைக்காக, ஒருவர் முழங்கால் வலிக்காக. பாஸ்டர் அவராகவே சொன்னார்: "தம்பி ஆரோன் இன்னைக்கு வரல. வயித்துவலி அதிகமாயிருக்கும்போல. விசேஷமா ஜெபிப்போம்."

எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து எழவில்லை. கால்தான் எழுந்தது.

"பாஸ்டர், என் தம்பிக்கு வயித்துவலி இல்ல."

பக்கத்திலிருந்த அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"அவன் கஞ்சா அடிக்கிறான். தூக்க மாத்திரை போடுறான். ஜூன்லருந்து. நேத்து காலையில வீட்டை விட்டுப் போயிட்டான். எங்க போனான்னு எங்களுக்குத் தெரியல. யாராவது பார்த்தீங்களா? தயவுசெஞ்சு சொல்லுங்க, யாராவது பார்த்தீங்களா?"

 அப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம். எட்வின் அண்ணன். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்.

"ஐயோ... நான் பார்த்தேனேம்மா" என்றார். "நேத்து காலையில கடைக்கு எதிர்ல கோவளம் பஸ்ல ஏறினான். 'வயித்துவலி எப்டிடா இருக்கு'ன்னு நான்தான் கேட்டேன். 'சரியாயிடுச்சுண்ணா, ஃப்ரெண்ட்ஸோட பீச்சுக்குப் போறேன்'னான். ஸ்தோத்திரம் சொல்லி டாட்டா காட்டிட்டேன். வேர்த்து ஊத்துச்சு. மாத்திரைன்னு தெரிஞ்சிருந்தா கையைப் புடிச்சி இறக்கியிருப்பேனே! ஒரு வார்த்தை சொல்லலியே யாரும்!"

பிரியமானவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வண்டலூரில் மழையில் நின்று "ஒரே ஒருத்தர் பார்த்திருக்கணும்" என்று நான் கதறியபோது, அந்த ஒருவர் ஏற்கனவே பார்த்து முடித்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் பதிலைத் தயார் செய்து எங்கள் சபையின் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார். நாங்கள்தான் அந்தப் பதில் வாய் திறக்க முடியாதபடி செய்து வைத்திருந்தோம்.

பாஸ்டர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பாதிப் பேர் இங்க ஜெபிங்க. பாதிப் பேர் கிளம்புங்க. பிரசங்கம் அடுத்த வாரம்" என்றார். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சுகந்தி அக்கா அதற்குள் படியில் இறங்கிக்கொண்டே, "எப்போலருந்து மாத்திரை இல்லாம இருக்கான்?" என்று கேட்டார். வியாழனிலிருந்து என்றேன். அவர் முகம் மாறியது. "சீக்கிரம் வா" என்றார். 

சபை வேன் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பறந்தது. அப்பா முன் சீட்டில்.  என்னால் உட்காரவே முடியவில்லை. ஓடுகிற வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றே வந்தேன். "உக்காரு பாப்பா, நீ நின்னா வண்டி வேகமா போயிடாது" என்றார் வேனை ஓட்டிக்கொண்டிருந்த எட்வின் அண்ணன்.

கோவளத்தில் மழை விட்டிருந்தது. மீன் விற்கிற இடத்துக்கு அப்பால், கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பக்கத்தில் கூட்டம். அந்த நீலச் சட்டை. ஆரோன் மணலில் கிடந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். மீன் விற்கிற அம்மா ஒருவர் அவன் தலைக்குக் கீழே தன் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்.

"நேத்துலர்ந்து இங்கதான் குந்திகினு கீறான்மா. யாருக்கோ காத்துகினு இருந்தான். டீ வாங்கிக் குடுத்தேன், வாந்தி எடுத்துட்டான். இப்பதான் இழுத்துகிச்சி. உங்க புள்ளையா? இன்னா துன்னான் இவன்?"

சுகந்தி அக்கா கூட்டத்தை விலக்கினார். சாவியை எடுத்து எறிந்தார். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, "யாரும் வாயில எதையும் வைக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்க" என்று சத்தம் போட்டார். நான் மணலில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே இருந்தேன். இயேசப்பா, இயேசப்பா. வேறு ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையிலேயே நீளமான நிமிடங்கள் அவைதான். மெல்ல மெல்ல இழுப்பு நின்றது. நீலம் பாய்ந்திருந்த உதட்டில் நிறம் திரும்பியது. அப்பா அவன் காலடியில் மணலில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி போகும் வழியில் இன்னொரு முறை இழுப்பு வந்தது. சுகந்தி அக்கா மட்டும் கூட இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. டாக்டர் அப்பாவிடம் தன்மையாகவே பேசினார்: "தினமும் தூக்க மாத்திரை போட்டவன் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும் சார். உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், அதுவும் எங்க பார்வையில. ரூம்ல பூட்டினா சரியாகாது. முன்னாடியே ஏன் கூட்டிட்டு வரல?"  அப்பா, "வெட்கப்பட்டேன் டாக்டர்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆரோன் என்னிடம் பேசினான். கோவளத்தில் ஒருவன் மாத்திரை கொண்டுவருவான் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அவன் வரவில்லை. "எட்வின் அண்ணன் கேட்டப்ப சொல்லிடலாமான்னு நினைச்சேன்கா. ஆனா அவர் வயித்துவலியைப் பத்தித்தானே கேட்டாரு" என்றான். நான் வராந்தாவுக்குப் போய் அங்கேயும் இங்கேயும் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா மூப்பர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜெபக் குறிப்பு நேரத்தில் எழுந்து நின்றார். "போன வாரம் என் மக சொன்னது உண்மை. அதை நான் சொல்லியிருக்கணும். என் பையன் ஆஸ்பத்திரியில இருக்கான். போதைப் பழக்கம். பேர் சொல்லியே ஜெபிங்க" என்றார். யாரும் எங்களைக் கேவலமாகப் பார்க்கவில்லை. வயிற்றில் எண்ணெய் பூசிய அதே பாஸ்டரம்மா, அன்று ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுவந்தார். "என்கிட்ட சொல்லியிருந்தா எண்ணெயாவது மிச்சமாயிருக்கும்லடா" என்று ஆரோனைக் கிண்டல் செய்தார். அவன் அழுதுகொண்டே சிரித்தான். அன்று கண்ணும் சேர்ந்து சிரித்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் ஆண்டவர் செய்ததைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். மருந்தும் ஆலோசனையும் மாதக்கணக்கில் போயின. பிளஸ் ஒன்னை அவன் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. பழைய வேகத்தில் இன்னும் பந்து போட முடியவில்லை. நடுவில் ஒருமுறை தடுமாறினான். ஆனால் மறுநாள் காலையிலேயே, நான் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மறித்து, "அக்கா, நேத்து கஞ்சா அடிச்சேன்" என்று நேராகச் சொன்னான். நான் அன்று கல்லூரிக்குப் போகவில்லை. அவனை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அன்றைக்குத்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அதன் பிறகு இன்றுவரை அவன் தொடவில்லை. கர்த்தருக்கே மகிமை.

இதைப் படிக்கிற தாய் தகப்பன்மாரே, அக்கா அண்ணன்மாரே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கண் சிவந்து, பேச்சு மாறி, தூங்கித் தூங்கி விழுகிறதா? அதற்கு வேறு பெயர் வைக்காதீர்கள். ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம்பிக்கையான ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பூட்டி வைக்காதீர்கள். தம்பி தங்கைகளே, மொட்டை மாடியில் யாராவது "செடிதான் மச்சான்" என்றால், என் தம்பி மணலில் கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே உள்ளே போய்விட்டீர்களா? அப்படியானாலும் யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். உங்களுக்கான பதிலும் எங்கோ ஒரு பின்வரிசையில் காத்திருக்கும். எங்களுக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

கடைசியாக ஒன்று. போன ஞாயிறு நடந்தது. ஜெபக் குறிப்பு நேரத்தில், சபைக்குப் புதிதாக வருகிற ஒரு அம்மா எழுந்து, "என் பையனுக்கு அடிக்கடி தலைவலி, ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லி, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்தவர் எழுந்து பேசத் தொடங்கிவிட்டார். ஆரோன் கீபோர்டை விட்டு எழுந்து, பெண்கள் பக்கமாக நடந்து போய், அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மறுபடியும் எழுந்து நின்றார்.

"தலைவலி இல்ல பாஸ்டர்" என்றார்.

சுகந்தி அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டார். எட்வின் அண்ணன் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர்களுக்கு முன்னாலேயே படியில் இறங்கிவிட்டேன்.